ஏழாவது வரி

அன்புள்ள மகளுக்கு,

ஒரே கூண்டில், ஒரே குச்சியில், உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு கிளிகளில் ஒன்று மட்டும் எப்படிப் பிழைத்தது என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. கால்நடை மருத்துவரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காகவே அவர்மேல் மரியாதை வந்தது. வேறு யார்மேலும் இப்போது எனக்கு மரியாதை இல்லை.

நீ பாதியில் தொலைபேசியை வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். ஞாயிறு காலை, முட்டை பொரிக்க அந்தப் புது ஒட்டாத நான்ஸ்டிக் வாணலியை அப்பா அடுப்பில் வைத்திருக்கிறார். எண்ணெய் ஊற்றுவதற்குள் உன் சித்தப்பாவின் போன். பேசிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டார். சித்தப்பா பேச்சு எப்போது முடியும் என்று உனக்கே தெரியும். வெறும் வாணலி இருபது நிமிடம் காய்ந்திருக்கிறது. நான் குளித்துவிட்டு வந்தபோது புகைகூட இல்லை. லேசாக ஏதோ வாடை. கூடத்தில் வாயாடி கூண்டுத் தரையில் உயிரில்லாமல் கிடந்தது. குச்சியில் சாமியார் அலகைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. தலையில் ஈரத்துண்டோடு கூண்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன்.

அப்பா சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "வாணலி காஞ்சதுக்குக் கிளி எப்படிச் சாகும்? உளறாத."

மறுநாள் வாணலியோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தார். "யாரும்மா கிளிக்குப் பார்த்துச் சட்டி வாங்கறாங்க?" என்றார். பெட்டிக்குள் இருந்த கையேட்டைப் பிரித்துக் காட்டினேன். முதல் பக்கத்தில் வழுக்கி ஓடும் முட்டையின் வண்ணப்படம். பறவைகள் பற்றிய எச்சரிக்கை பதினோராம் பக்கத்தில், கடுகளவு எழுத்தில். தெரிந்திருக்கிறது வாணலி செய்தவர்களுக்கு! தெரிந்தும், யாரும் படிக்காத இடமாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியும் வகுப்பில் உயர்த்தாத குரலை அந்தக் கடையில் உயர்த்தினேன்.

மிச்சக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெளியூர் கிளம்பும்போது மகள் கிளிகளுக்காகப் பதினாறு வரி எழுதி ஃப்ரிட்ஜ்மேல் ஒட்டிவிட்டுப் போனாளே, கண் இல்லையா என்று அப்பாவைக் கேட்டேன். மின்விசிறி சுற்றும்போது கூண்டைத் திறக்காதீர்கள், தண்ணீர் வாளியை மூடிவையுங்கள், கொசுவர்த்தி வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் தாளைப் பிய்த்துவந்து என் முன்னால் வைத்தார்.

ஏழாவது வரியில் நீ எழுதியிருந்தாய்: 'ஒட்டாத பாத்திரத்தை வெறுமனே காயவிடாதீர்கள். அதன் ஆவி பறவையைக் கொன்றுவிடும்.' பக்கத்தில் பென்சிலில் என் கையெழுத்து: 'ஆதாரம்?'

நீ கிளம்பிப்போன அதே வாரம் போட்டது. மாணவர்களின் ஆய்வேட்டில் போட்டுப் போட்டுப் பழகிய கை. ஆதாரத்தைத் தேட ஐந்து நிமிடம் போதும். தேடவில்லை. அந்தக் கையேடும் அதே அலமாரியில்தான் இருந்தது. "நீ படிச்சவ. நீயே சந்தேகப்பட்டிருக்கியே, சும்மா பயமுறுத்தறதுக்கு எழுதியிருப்பான்னு நெனச்சேன்" என்றார் அப்பா. குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன்.

அப்பாவிடம் பேசமாட்டேன் என்றாயே, அதை மாற்றிக்கொள். பேசாமல் இருக்க வேண்டுமென்றால் என்னிடம் இரு.

நாளை உன் தோழி வந்து சாமியாரை எடுத்துப்போவாள். தடுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று நாளாக அப்பா சமையலறைக் கதவை மூடி, அடியில் ஈரத்துணி திணித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார். வாணலி போயிற்று, பழைய இரும்புக் கல்லில்தான் முட்டை. சாயங்காலம் சாமியார் அவர் தோளில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்கிறது. அவரும் அசையாமல் இருக்கிறார். கழுத்து வலிக்கிறது என்கிறார், ஆனால் இறக்கிவிடுவதில்லை. ஒரு மாதம் கழித்தாவது திருப்பித் தருவதைப் பற்றி யோசி.

தனி அறையில் சமைக்கிறாய். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். நல்ல காற்றில் நன்றாக இரு.

உன் அம்மா

மறுநாள் எழுதுவது: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் தோழி வந்துவிட்டாள். சாமியார் அவளோடு போயிற்று. பட்டியலையும் கேட்டாள். என் பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. அதன் கீழே பேனாவால் 'உண்டு' என்று எழுதிக் கொடுத்தேன். மத்தியானம் அப்பா சமைக்கப் போனார். கூடத்தில் கூண்டு இல்லை. அவர் கதவை மூடி, ஈரத்துணியைத் திணித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தார்.