நன்றி சொல்லக் கூடாத நாற்று

பெர்ம்,
மார்ச் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

தாசியா எழுதுகிறேன். தொலைபேசியில் தோட்டம் என்று வாயெடுத்தாலே நீங்கள் தொலைபேசியைத் தம்பி கிளெப்பிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

இருமல் குறைந்ததா? அங்கே தெற்கில், கிளெப் வீட்டருகே, மரங்கள் பூத்துவிட்டதாக அவன் சொன்னான். இங்கே காமா ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.

நம் சமையலறை ஜன்னலோரத்தில் மறுபடியும் தேநீர்க் கோப்பை வைக்க இடமில்லை. வெட்டிய பால் அட்டைப்பெட்டிகள், தயிர்க் கிண்ணங்கள், எல்லாவற்றிலும் மண். ஒவ்வொரு மார்ச்சிலும் கோப்பையைக் கையில் பிடித்தபடி, "இந்த வீட்டுல மனுஷனுக்கு ஒரு மூலை கிடைக்குமா?" என்று கேட்பீர்களே. "தக்காளி சம்மதிச்சா தர்றேன்" என்பாள் அம்மா. பள்ளி விட்டு இருட்டில் வரும்போது, நாற்றுக்காக எரியும் அந்த ஊதா விளக்கை வைத்துத்தான் நம் ஜன்னலை அடையாளம் காண்பேன். இப்போதும் தெருவில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மாடியேறுகிறேன்.

விதை அம்மாவுடையதுதான். முன்பு எதிர்வீட்டு ஃபாயினா அத்தைக்குக் கொடுத்திருந்தாளாம். அத்தை அதில் கொஞ்சம் செய்தித்தாளில் மடித்துத் தந்தார். "நன்றி அத்தை" என்றேன். "அடிப் பாவி! விதைக்கு யாராச்சும் நன்றி சொல்லுவாங்களா? ஒண்ணுகூட முளைக்காது. உங்கம்மா இருந்திருந்தா கரண்டியாலயே போட்டிருப்பா!" என்று கத்தினார். நான் இன்னொரு முறை சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன், அப்பா.

போன வசந்தத்தில் அம்மா எழ முடியாமல் கிடந்தபோது, நீங்களே விதைத்து, முளைத்த பெட்டியைக் கட்டிலுக்குத் தூக்கி வந்தீர்கள். அவள் பார்த்துவிட்டு, "நன்றி, ரோத்யா" என்றாள். நீங்கள் பதறி அவள் வாயைப் பொத்தினீர்கள். அந்த வாரமே நாற்றுகள் தண்டு கறுத்துச் சாய்ந்தன. கோடைக்கு முன்னால் அவளும் போய்விட்டாள். அதற்குப் பிறகு நீங்கள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. "அவ அதைச் சொல்லியிருக்கக் கூடாது" என்று ஒரே ஒரு முறை சொன்னீர்கள்.

இந்த முறை ஒரு வாரம் மண் சும்மாவே கிடந்தது. இவ்வளவு படித்த நான் தினமும் காலையில் பயந்தபடியேதான் எட்டிப் பார்த்தேன். இன்று முளைத்துவிட்டன, அப்பா. கழுத்தை வளைத்து, விதைத் தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கின்றன. போன வருடம் நாற்றைக் கொன்றது அவள் வார்த்தை அல்ல, தண்ணீர். காலையும் மாலையும் ஊற்றினீர்கள். பயந்தவர்கள் அப்படித்தான் ஊற்றுவார்கள்.

ஊருக்கு வெளியே இருக்கும் நம் தோட்டத்தை நீங்கள் விற்கப்போவதாகக் கிளெப் சொன்னான். வாங்குகிறவர் ஏப்ரலில் கையெழுத்துக்கு வருகிறாராம். இப்போது போடாதீர்கள். உறைபனி விட்டதும் இவற்றுக்கு மண் வேண்டும், குழி தோண்ட நீங்கள் வேண்டும்.

நீங்கள் வாயைப் பொத்திய கையை விலக்கிவிட்டு அம்மா சிரித்தது நினைவிருக்கிறதா? "அப்புறம் எப்ப சொல்றது?" என்று கேட்டாளே. நீங்கள் அதற்குள் பெட்டியோடு ஜன்னலுக்குப் போய்விட்டீர்கள். நான் கட்டிலருகேதான் நின்றிருந்தேன். அவள் தெரிந்தேதான் சொன்னாள், அப்பா.

வாருங்கள். நாற்று நட்டு முடித்ததும் நான் நன்றி சொல்வேன். பயப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கைகளுக்கு முத்தங்களுடன்,
மகள் தாசியா