பிராக் நகரத்தில் எனக்கொரு சக்களத்தி

நேற்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து நின்றாள். எழுபது வயது இருக்கும். கைகூப்பிக் கும்பிட்டாள். குவித்த கையிலிருந்து ஜவ்வாது மணத்தது. எனக்கு வந்ததே கோபம்! கீழ சன்னதிக் கடையில் நான் முகர்ந்து பார்த்து வாங்கி, உன் மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் கொடுத்தனுப்பிய ஜவ்வாது அது. உனக்கென்று கொடுத்தது. நீ அதைத் தூக்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறாய். செத்துப்போனவளோடு சண்டை பிடிக்கக்கூடாது என்பார்கள். நான் பிடிப்பேன்.

அவளுக்குப் பின்னால் உன் மகன் நின்றிருந்தான். முதல் நாள்தான் கடலூரில் உன் வருஷ திதியை முடித்திருந்தான். "பெரியம்மா, இவுங்கதான் மார்த்தா. எங்க பில்டிங்குல கீழ் வீடு. அம்மாகூட டெய்லி நடப்பாங்களே, அவுங்க. திதிக்கு நானும் வர்றேன்னு கெளம்பி வந்துட்டாங்க. இங்கிலீஷே சுத்தமா வராது, ஆனா ஒங்களப் பாத்தே ஆவணுமாம்" என்றான்.

அவளைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் வீடு தேடி வந்தவள். காபி கொடுத்தேன். நீ குடிக்கும் வாய் அகன்ற டம்ளர் கையில் வந்தது. அதை உள்ளே வைத்துவிட்டு வேறு டம்ளரில் ஆற்றிக் கொடுத்தேன். சின்னப் புத்திதான். இருக்கட்டும்.

உனக்கு நினைவிருக்கும், நம்முடைய நடை ஆபீசில் தொடங்கியது. மேல வீதியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை, இருபத்திரண்டு வருஷம். நீ கடலூர் பஸ் ஏறவேண்டியவள். என் வீடோ தெற்கு வீதியில், பாதி வழியிலேயே வந்துவிடும். ஒரு நாளாவது நான் வாசலில் நின்றுகொண்டேனா? உன்னை ஏற்றிவிட்டுத்தான் திரும்புவேன். மேலதிகாரியின் மூஞ்சி, என் மாமியாரின் மூட்டுவலி, உன் வீட்டுக்காரர் போனபிறகு நீ தனியாக நின்றது என எல்லாவற்றையும் அந்த நடையில்தான் பேசித் தீர்த்தோம். "உக்காந்து பேசுனா வம்பு. நடந்துகிட்டே பேசுனா எக்சர்சைஸ்டி" என்பாய்.

ரிட்டையர் ஆனதும் உன் மகன் உன்னைப் பிராக்குக்கு அழைத்துக்கொண்டு போனான். ஆபீசில் எல்லோரும் கொடுத்துவைத்தவள் என்றார்கள். நானும் சொன்னேன். வயிறு மட்டும் திகுதிகுவென்று எரிந்தது. மேற்கே என்றால் எனக்குத் திட்டக்குடி, என் நாத்தனார் வீடு. அதைத் தாண்டி நான் எங்கே போனேன்?

போன பத்தாம் நாள் போன் செய்தாய். "கெளம்புடி, நடக்கலாம்" என்றாய். எனக்குச் சாயங்காலம் ஐந்தரை. உனக்கு மதியம் ஒரு மணி, கோடையில் இரண்டு. நீ டிராமில் வந்து இறங்கி, ஊர் நடுவிலிருக்கும் பெரிய மணிக்கூண்டுக் கடிகாரத்தின் முன்னால் வந்து நின்றுகொள்வாய். நான் தெற்கு வீதியில் இறங்குவேன். காதில் போனை வைத்துக்கொண்டு அங்கே நீயும் இங்கே நானும் ஒன்றாக நடப்போம். உட்கார்ந்துகொண்டு பேசக்கூடாது என்பதுதான் ஒரே சட்டம்.

அந்த வழி இன்றும் எனக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் தெரியும். கடிகாரத்தில் மணி அடிக்கும்போது எலும்புக்கூட்டுப் பொம்மை ஒன்று கயிற்றை இழுக்கும், மேலே ஜன்னலில் சாமியார் பொம்மைகள் வரிசையாக வந்து எட்டிப் பார்க்கும், கடைசியில் சேவல் கூவும். "தீபாராதனைக்கு நிக்கிற மாரி அண்ணாந்துகிட்டு நிக்கிறாங்கடி ஜனங்க. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிபோவுது. பிரசாதமும் கெடையாது" என்றாய். கடிகாரத்தைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் திரும்பவேண்டும். சின்னச் சதுக்கம், இரும்புக் கம்பி வேலைப்பாடு போட்ட ஒரு கிணறு. பிறகு கோணல்மாணலாக ஒரு சந்து, இரண்டு பக்கமும் கண்ணாடிச் சாமான் கடை, பொம்மலாட்டப் பொம்மைக் கடை. தரையெல்லாம் கல் பதித்தது, செருப்பு போட்டால் கால் பிரளும் என்பாய். சந்து முடிந்ததும் டிராம் ரோடு, அதைக் கடந்தால் கோபுர வாசல். அதற்குள் நுழைந்தால் பாலம். இரண்டு பக்கமும் சிலைகள், கீழே ஆறு.

நீ அதையெல்லாம் சொல்லச் சொல்ல நான் என்ன சொல்வது? தெற்கு வீதியில் மாடு படுத்திருக்கிறது என்றா? ஒருநாள் உனக்கு அங்கே பனி கொட்டியது. நீ குழந்தை மாதிரி கத்தினாய். பொறுக்கமாட்டாமல் நானும், "இங்க மட்டும் என்னாவாம்? தேர் அலங்காரம் நடக்குது, வீதியே ஜெகஜ்ஜோதியா இருக்கு" என்று எடுத்துவிட்டேன். நீ விட்டுவிடுவாயா? "மாசி மாசத்துல ஏதுடி தேரு? ஆனியிலயும் மார்கழியிலயும்தானே! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லக் கூடாதா?" என்று சிரித்தாய். நீ சிரித்தது அங்கே பாலத்தில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

நாலு வருஷம் அப்படிப் போயிற்று. அப்புறம் உன் பேச்சில் மார்த்தா வந்தாள். மாடிப்படியில் பார்த்துச் சிரித்தாள், கஞ்சி மாதிரி ஏதோ சூப் கொண்டுவந்து கொடுத்தாள் என்றெல்லாம் சொன்னாய். நானும் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒருநாள், "இன்னிக்கி மார்த்தாவும் நடக்க வர்றா, அப்பறமா பேசறேன்" என்றாய். மறுநாளும் அதேதான். ஒரு மாதத்தில் நம் நடையே நின்றுபோயிற்று. நடந்துமுடித்து வீட்டுக்குப் போய், சோபாவில் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக எனக்குப் போன் செய்வாய். எந்த நடையை நாம் சேர்ந்து நடந்தோமோ அதை அவளோடு நடந்துவிட்டு, உட்கார்ந்து பேசும் வம்பை மட்டும் எனக்கு ஒதுக்கினாய்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "கூட நடக்க ஒனக்கு அங்கயே ஆளு கெடச்சிட்டாங்க. நான் எதுக்கு? ஊறுகாய்க்கா?"

"அப்பிடியில்லடி" என்றாய்.

"வேற எப்பிடி? சொல்லு."

நீ சொல்லவில்லை. நான் போனை வைத்துவிட்டேன். பதினோரு நாள் எடுக்கவில்லை. பிறகு பேசினோம், ஆனால் "கெளம்பு, நடக்கலாம்" என்று நீயும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. ரோஷம். அடுத்த குளிர்காலத்தில் நீ போய்விட்டாய். தூக்கத்திலேயே போனாய் என்று உன் மகன் சொன்னான். நான் அழுதேன். அழும்போதும், கடைசி நாள் உன்னோடு நடந்தவள் அவள்தானே என்று உள்ளுக்குள் ஒன்று குடைந்தது.

காபி குடித்து முடித்ததும் கோயிலுக்குப் போகலாம் என்றான் உன் மகன். மூன்று பேரும் தெற்கு வீதியில் இறங்கிக் கீழ வீதிப் பக்கமாக நடந்தோம். அவள் என் பக்கத்தில் வந்தாள். நல்ல திடமான உடம்பு, என்னைவிட வேகமாக நடக்கக்கூடியவள். ஆனால் ஐம்பது அடி போனதும் நின்றாள். நின்றது ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை வாசலில். குடத்தையும் வாளியையும் அப்படி ஒரு கவனமாகப் பார்த்தாள். கடைக்காரர் எழுந்து, "வாங்க மேடம், என்னா வேணும்?" என்றார். அவள் சிரித்துவிட்டு நடந்தாள். இன்னும் ஐம்பது அடி போய் மருந்துக்கடை வாசலில் நின்றாள். தலைவலியோ என்னவோ என்று சைகையில் கேட்டேன், இல்லை என்று தலையாட்டினாள். முகத்தைக் கடைப் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு லேசாகத் திரும்பி என்னைப் பார்த்தாள், போகலாமா என்பதுபோல. நடந்தோம்.

வெள்ளைக்காரர்கள் இப்படித்தான், எதைக் கண்டாலும் வேடிக்கை பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை அவள் நின்றது பூட்டிக்கிடந்த ஒரு கடையின் முன்னால். ஷட்டர் போட்டிருந்தது. போஸ்டர்கூட ஒட்டியிருக்கவில்லை. வெறும் தகரம். அதையும் அதே கவனத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னாப்பா இது, மூடுன கடையில என்னாத்தப் பாக்குறாங்க?" என்று உன் மகனிடம் கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்தான். "கடைய பாக்கல பெரியம்மா. ஒங்களுக்காக நிக்கிறாங்க. பழக்கம்."

"எனக்காகவா? எதுக்கு?"

"அம்மாவுக்குக் கடைசி ஒன்றரை வருஷமா ஹார்ட் ரொம்ப வீக்கு. அம்பது அடி சேந்தாப்புல நடந்தா மூச்சு வாங்கும். அத யாரும் பாத்துகிட்டு நின்னா அம்மாவுக்குப் புடிக்காது. அதான் இவுங்க கடைய பாக்குற மாரி மூஞ்சத் திருப்பிகிட்டு நின்னுடுவாங்க. மூச்சு அடங்குனதும் போவாங்க. பாலத்துல செலைக்குச் செல நின்னுதான் போவாங்க ரெண்டு பேரும். ஒங்க வயசப் பாத்து ஒங்களுக்கும் அப்பிடின்னு நெனச்சிட்டாங்கபோல."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பூக்கடைக்காரம்மா திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாதான் வேணாம்னாங்க. 'அவளுக்குத் தெரிஞ்சா கத்துவா, நடக்கவே விடமாட்டா'ன்னாங்க. நடந்துகிட்டுப் பேசுனா மூச்சு வாங்குறது போன்ல கேட்டுடும்ல? அதான் வீட்டுக்கு வந்து, படுத்து, மூச்சு அடங்குனப்பறம் ஒங்களுக்குப் பண்ணுவாங்க."

கத்தியிருப்பேன்தான். நடக்கவிட்டிருக்கவும் மாட்டேன். என்னை உனக்கு அத்தனை நன்றாகத் தெரிந்திருக்கிறது, பாவி.

"சரி, இவுங்களுக்கு இங்கிலீஷே சுத்தமா வராதுங்கறியே. ரெண்டு பேரும் என்னாதான் பேசிக்குவாங்க?" என்று கேட்டேன்.

"ஒன்னும் பேசிக்க மாட்டாங்க பெரியம்மா."

அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என்னோடு நீ ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினாலும், "ஏய், இருக்கியா? லைன்ல இருக்கியா?" என்று நான் கத்துவேன். போனில் பேசாமல் இருந்தால் இல்லாமல் போனதாகத்தானே அர்த்தம்? அவளோடு நீ பேசாமலே இருந்திருக்கிறாய்.

மார்த்தா ஷட்டரிலிருந்து திரும்பி, போகலாமா என்று என்னைப் பார்த்தாள். எனக்கு மூச்சு வாங்கவில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கீழ கோபுரம் வரை அவள் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன். நீ நின்றிருக்கக்கூடிய அளவுக்கு நின்றேன். அவளும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்க்கையில் நான் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நடந்தது அதுதான் முதல் தடவை. நீ பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டாய்.

வருஷம் திரும்பினால் துக்கம் ஆறிவிடும் என்கிறார்கள். துக்கம் வேண்டுமானால் ஆறட்டும். இந்தப் பொறாமை ஆறாது, ஆறவும் நான் விடப்போவதில்லை. இருபத்தெட்டு வருஷம் உன் பேச்சு முழுவதையும் எனக்குக் கொடுத்தாய், ஒரு சொல் மிச்சம் வைக்காமல் கொடுத்தாய். ஆனால் நடக்கமாட்டாமல் நின்றாயே, அந்த மூச்சை அவளுக்குக் கொடுத்துவிட்டாயேடி.