டூங்கபியில் வெட்டிய ஷீ-ஓக்

மே 13, செவ்வாய்
குளிர். காற்றில்லை. டூங்கபியில் ஒரு வீட்டின் பின்வளவில் ஷீ-ஓக். பெயர்தான் ஓக், பார்த்தால் நம்முடைய சவுக்கு. கூரைத் தண்ணீர் ஓடும் பீலி முழுக்க ஊசியிலை என்று வீட்டுக்காரர் வெட்டச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மனைவி செல்வி அக்கா மட்டும் வீட்டில்.

மரம் வெட்டும் எங்கள் ஆட்களில் நான் ஒருவன்தான் தமிழ். பொஸ் கிரெக் மரத்தில் ஏறப்போகும் நேரம் அக்கா என்னிடம் வந்தா.

"தம்பி, ரெண்டு கறுப்புக் கொக்கட்டூக் கிளி இந்தக் காய் தின்ன ஒவ்வொரு நாளும் வாறதுகள். வெட்டாமல் விடேலாதோ எண்டு அவரிட்டக் கேளுங்கோ. எனக்கு இங்கிலீஷ் வராது."

"என்னவாம்?" என்றார் கிரெக்.

வேலை நின்றால் எனக்கு அன்றைய சம்பளம் இல்லை. தற்காலிக விசாக்காரன், வம்பு வேண்டாம். "தேநீர் வேண்டுமா என்று கேட்கிறா."

"நல்லது, வேண்டும்."

அக்காவிடம் திரும்பினேன். "ஏலாதாம் அக்கா. தேத்தண்ணி கிடைக்குமோ எண்டு கேக்கிறார்."

கொண்டுவந்தா. பிஸ்கட்டும். குடித்தேன்.

மே 14, புதன்
மழை. லொறி கழுவல். பின்தட்டில் கிடந்த நேற்றைய மரத்துக் காய் ஒன்றைக் கிரெக் எடுத்துப் பார்த்தார். கொறித்துக் கிழித்த காய்.

"கறுப்புக் கொக்கட்டூவின் வேலை. அதில் ஒரு வகை இந்தக் காயை விட்டால் வேறு எதையும் தொடாது. இந்தப் பக்கம் வருவதே அபூர்வம்." மரத்தைப் பற்றியும் சொன்னார். அந்தக்காலக் கூரைகளுக்கு இதன் பலகையாம். ஓடைக்கரை மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும் இதன் வேராம். "தெரிந்திருந்தால் பீலிக்கு வலை போட்டுவிட்டு வந்திருப்பேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லையா?"

"இல்லை."

வாங்க வேண்டியது: கையுறை, பருப்பு, சவர்க்காரம்.

மே 17, சனி
வெயில். மூன்று நாளாக நித்திரை சரியில்லை. பஸ் பிடித்து டூங்கபி.

அக்கா கதவைத் திறந்தா. "நேற்றும் வந்ததுகள் தம்பி. கறண்ட் வயரில இருந்து பாத்திட்டுப் போட்டுதுகள்."

"அக்கா, நான் அவரிட்டக் கேக்கவே இல்லை."

"அப்ப ஏலாது எண்டு அவர் சொல்லேல்லையோ?"

"இல்லை. நான்தான்."

"அந்த மனுசனை நான் இவ்வளவு நாளும் திட்டிக்கொண்டு இருக்கிறன்."

உள்ளே வரச் சொல்லவில்லை. அங்கேயே நின்று கிரெக்குக்குப் போன் எடுத்தேன். எல்லாம் சொன்னேன். அவர் சொன்னார், "ஸ்பீக்கரில் போடு. அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ சொல்லு."

கேட்டார். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

"இது முழுக்க அவர் சொன்னதுதானோ?"