ஸ்டிச்சிங் ஹால் கூரையும் உலக வெப்பமும்

7-4-2008, திங்கள்

காலை ஒன்பது மணிக்கே வெயில் கண்ணைக் குத்துகிறது. கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் நிழல் பக்கமாக நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மாதனூர் தாண்டுவதற்குள் புடவை முதுகோடு ஒட்டிவிட்டது.

தேவி மயங்கிவிட்டாள். ஆறு மாத வயிறு. தைக்கிற மிஷின் மேலேயே சாய்ந்தாள். நல்லவேளை, கரண்ட் கட், ஊசி ஓடவில்லை. ஸ்டிச்சிங் ஹாலுக்கு மேலே வெறும் சிமெண்ட் ஷீட். பதினோரு மணிக்கு மேல் உள்ளே இட்லிப் பானைதான். அந்த லைனுக்கு நான் சூப்பர்வைசர். முகத்தில் தண்ணீர் தெளிப்பது தவிர என்ன செய்ய?

"வேலைய விட்டு நின்னுடறேன்க்கா. முடியல."

இந்த மாதம் முழுக்க வந்தால்தான் அவளுக்குப் பிரசவ லீவில் சம்பளம். நிற்கக் கூடாது. நான் விடமாட்டேன்.

வாங்க: மெழுகுவர்த்தி, துவரம் பருப்பு, ஜானுக்குப் பனியன்.

8-4, செவ்வாய்

புழுக்கம். மானேஜரிடம் மறுபடி கேட்டேன். கூரை மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு இறங்கும், சார். மூன்று கோடையாக இதே பாட்டு.

"பட்ஜெட்ல இல்லம்மா. வேணும்னா மோர் குடுக்கச் சொல்றேன்."

மோர் வந்தது. உப்பு மட்டும் தாராளம். வீட்டுக்கு வந்து ஜான் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், மனுஷன் பனியன் சின்னதாக இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னார்.

10-4, வியாழன்

இன்று வெயிலைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒரே சிரிப்பு.

நம் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி கேட்டிருக்கிறதாம்: பருவநிலை மாற்றத்துக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அடுத்த வெள்ளி அவர்கள் ஆள் வருகிறார். மானேஜர் முகத்தில் ஈயாடவில்லை. சூப்பர்வைசர்கள் எல்லோரையும் ஏ.சி. அறையில் உட்காரவைத்து யோசனை கேட்டார். எனக்கோ குளிர். பேனர் வைக்கலாம். பச்சைத் தொப்பி கொடுக்கலாம். மரக்கன்று, மரக்கன்று, மரக்கன்று. போன வருஷக் கன்றையெல்லாம் ஆடு தின்றதைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை.

நான் எழுந்தேன். "சார், கூரைக்கு வெள்ளை அடிச்சா வெயில் வந்த வழியே திரும்பிப் போய்டும். ஃபேனுக்குக் கரண்ட் கம்மி, ஜெனரேட்டருக்கு டீசல் கம்மி. உலக வெப்பமும் கம்மி."

மேஜையைத் தட்டினார். "இதுதாம்மா ஐடியா! இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

13-4, ஞாயிறு

சர்ச். பிரசங்கம் நீளம். திரும்பும் வழியில் கம்பெனிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கூரை முழுக்க ஆட்கள், வாளி, சுண்ணாம்பு அடிக்கிற மட்டை. பாதி வெள்ளை. பார்த்துக்கொண்டே நின்றதில் மட்டன் வாங்க மறந்து போனது. கத்திரிக்காய்க் குழம்பு. ஜான் குழம்பில் மட்டனைத் தேடினார்.

15-4, செவ்வாய்

ஹாலுக்குள் நுழைந்ததும் தெரிந்தது. குளிர்ச்சி என்று சொல்ல முடியாது, ஆனால் மனுஷர் உட்காரலாம். தேவி மதியம் சோறு முழுக்கச் சாப்பிட்டாள்.

பிற்பகல் ஊர்வலம். உலக வெப்பம் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்ல, அரசாங்க உத்தரவாம். கொளுத்தும் வெயிலில் பச்சைத் தொப்பியோடு பஸ் ஸ்டாண்டு வரை கோஷம். முன்னால் அதிகாரி ஜீப்பில், கண்ணாடி ஏற்றி, இஞ்சினை அணைக்காமல். டீக்கடையில் ஒருவர் கடைக்காரரைக் கேட்டார்: "இன்னா பாய், எலெக்‌ஷன் வந்துட்ச்சா?"

தேவியைக் கூட்டிப்போகவில்லை. கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று உள்ளேயே உட்காரவைத்தேன்.

18-4, வெள்ளி

வெயில் பழையபடி. வெளிநாட்டுக்காரர் ஏணியில் ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்தார். கை முழுக்கச் சுண்ணாம்பு. சந்தோஷமாகப் போனார்.

பின்னாலேயே டி.வி.க்காரர்கள். வெப்பத்தில் வாடும் தொழிலாளி வேண்டுமாம். ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், ஒருத்திக்கும் வேர்க்கவில்லை. கடைசியில் ஒரு பெண் நெற்றியில் தண்ணீர் தெளித்துப் படம் எடுத்தார்கள். அவள் சிரித்துவிட்டாள். மறுபடி தெளித்தார்கள். மறுபடி சிரிப்பு. லைன் முழுக்கச் சிரிப்பு. நான் அதட்டவில்லை.

20-4, ஞாயிறு

சாயங்காலம் கொஞ்சம் காற்று. தேவி வீட்டில் கேபிள் இல்லை, நம் வீட்டுக்கு வந்தாள். வடை சுட்டேன். செய்தியில் நம் கம்பெனி! நான் வரவில்லை. லைனும் வரவில்லை. மானேஜர் மட்டும், வெள்ளைக் கூரைக்கு முன்னால், வெள்ளைச் சட்டையில்.

"இந்தப் பூமியைக் காப்பாத்தணும்ங்கிற எண்ணம் எனக்கு ரொம்ப நாளா இருந்தது..."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தேவி வயிற்றில் கை வைத்து, வடையை மென்றுகொண்டே கேட்டாள்: "அக்கா, அவரு பூமி பூமின்றாரே, அது என்னைத்தானே?"

சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். நாளைக்கு வேலைக்கு வருகிறாள்.