சீட்டுக்கு அடியில் நீல விளக்கு

நம் வீட்டு மெக்கானிக் ஐயாவுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

பைக் பேட்டரி செத்துப்போனதற்கு, “நீதான் சாவியை ஆஃப் பண்ணாம வந்திருப்பே” என்று இத்தனை நாளாய் முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்களே. இன்று விடியுமுன் குப்பை கொட்டப் போனேன். சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. வண்டியில் நீல விளக்கு ஜம்மென்று எரிகிறது! பக்கத்து வீட்டுக்காரர் வாயைப் பிளக்கட்டும் என்று சீட்டுக்கு அடியில் நீங்களே மாட்டிய விளக்கு. அதன் வயரைச் சாவிப் பக்கம் கொடுக்காமல் நேராகப் பேட்டரியில் முறுக்கியிருக்கிறீர்கள். நேற்றுத்தான் சார்ஜ் ஏற்றி வந்த பேட்டரியை அது விடிய விடியக் குடித்துக்கொண்டிருக்கிறது. பழி மட்டும் எனக்கு.

விளக்கைப் பிடுங்கிவிட்டேன். உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, தொட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி ஒரே உதையில் கிளம்பிவிட்டது. அதனால் நான் எடுத்துப் போகிறேன். நீங்கள் பஸ்ஸில் போங்கள்.

பி.கு.: ராத்திரி போனைச் சார்ஜரில் சொருகிவிட்டு, சுவிட்சைப் போடாமலே தூங்கியிருக்கிறீர்கள். போட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்க என்னைக் கூப்பிடாமல் இருந்துவிட்டு, “பேட்டரி இல்ல” என்று மட்டும் சொல்லாதீர்கள்.