மலையைப் பார்க்கப் போகிறவள்

சேந்த் ரோஸ், ரெயூனியோன் தீவு
3 ஆகஸ்ட் 1958

அங்கம்மாளுக்கு,

நாலு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறேன். உன் கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்து அல்ல. ஆறாவிட்டாலும் படிப்பாய் என்று தெரியும். நம் மகள் கண்ணகியையும் மாப்பிள்ளை சுப்ரமணியையும் பேத்தி வசந்தாவையும் விசாரித்ததாகச் சொல்.

கப்பலில் கரி அள்ளிப் போடுகிறேன் என்று புறப்பட்டு இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது. இந்தத் தீவில் இறங்கியவன் கரும்பு ஆலையிலேயே தங்கிவிட்டேன். இப்போது ஆலைக்கும் போவதில்லை. வீட்டுக்குப் பின்னால் வனிலாக் கொடி வைத்திருக்கிறேன். மே மாதம் நெஞ்சுவலி வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்போது உன்னை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. டாக்டர் என்னைக் கப்பல் ஏறக் கூடாது என்கிறார். நீ வா.

இங்கே ஒரு நெருப்பு மலை இருக்கிறது. அதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து துரைகளும் துரைசானிகளும் வருகிறார்கள். சில வருஷத்துக்கு ஒரு தரம் மலை வாய் திறந்து, குழம்பு பொங்கிப் பானை விளிம்பில் வழிகிற மாதிரி நெருப்பு வழியும். ஒரு தரம் கடல் வரைக்கும் வந்துவிட்டது. தண்ணீர் கொதித்து மீன்கள் வெந்து கரை ஒதுங்கின. மீன்காரி நீ பார்க்க வேண்டிய காட்சி. மூன்று மாதம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இத்துடன் வனிலாக் காய் இரண்டு வைத்திருக்கிறேன்.

காசிலிங்கம்


வைத்திக்குப்பம், புதுச்சேரி
21 செப்டம்பர் 1958

கண்ணகியின் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்களுக்கு நெஞ்சுவலி என்று படித்ததும் கண்ணகி அழுதாள். அவள் கல்யாணத்துக்கே வராத அப்பாவுக்காக அழுகிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் நானும் கொஞ்சம் அழுதேன். அதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய கறுப்புக் காய்களைக் காய்ந்த முருங்கைப் பிஞ்சு என்று நினைத்துக் கண்ணகி சங்கரா மீன் குழம்பில் கிள்ளிப் போட்டுவிட்டாள். மாப்பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு, "யாரு கொழம்புல சோப்பக் கரைச்சது?" என்று கேட்டார். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் ரசம்தான் சாப்பிட்டோம். இனிமேல் காய் அனுப்பினால் எதற்கு என்றும் எழுதுங்கள்.

தீவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்ததை என் சிநேகிதி குஞ்சம்மாளிடம் சொன்னேன். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "மலையக் காட்டுறேன்னு எழுதியிருக்காரா? இருவத்தேழு வருசம் கழிச்சி மொகத்தக் காட்டுறேன்னு எழுதலியாடி?"

"மொகத்தக் காட்டத்தான் மலையச் சொல்றாரு."

"அப்ப போ. போய் ரெண்டையும் பாத்துட்டு வா."

எனக்கும் ஆசைதான். மீன் வெந்து ஒதுங்குகிற கடலை நான் மனத்தில் பார்த்துப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது. மலைமேல் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? குளிருமா? அரிசி கிடைக்குமா? கப்பலில் எனக்கு வாந்தி வராது, நான் மீனவர் வீட்டுப் பெண். இவைகளுக்கெல்லாம் பதில் எழுதுங்கள்.

வசந்தா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படிக்கிறாள். வகுப்பிலேயே அவள்தான் முதல். கன்னியாஸ்திரீகளிடம் நான் படித்த ஐந்தாவதை இந்த வருஷம் பிடித்துவிட்டாள், அடுத்த வருஷம் தாண்டிவிடுவாள். இந்தக் குப்பத்தில் எந்த வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை கிடையாது.

உறைமேல் உங்கள் பெயரை வழக்கம்போல மாப்பிள்ளைதான் எழுதுவார். கட்டியவர் பெயரைச் சொல்லாத வாய்க்கு எழுதவும் கை வரவில்லை.

அங்கம்மாள்


சேந்த் ரோஸ்
9 நவம்பர் 1958

அங்கம்மாளுக்கு,

குழம்புக் கதையைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வனிலாவைப் பாலில் போட வேண்டும்.

பம்பாயில் கப்பல் ஏறி மொம்பாசாவில் இறங்கு. அங்கிருந்து இந்தத் தீவுக்கு வேறு கப்பல். மலையடி வரைக்கும் லாரியில் போகலாம். அப்புறம் கோவேறு கழுதை. மேலே குளிரும், கம்பளி வேண்டும். அரிசிக்குக் குறைவில்லை, இங்கேயும் நம் சனங்கள் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள்.

வழி கறுப்பாக இருக்கும். நெருப்பு ஆறி இறுகிய பாறை அது. நாலைந்து வருஷம் போனால் அதன் வெடிப்பிலே சின்னதாக ஒரு பச்சை எட்டிப் பார்க்கும். நான் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

இத்துடன் பிரெஞ்சில் ஒரு காகிதம் அனுப்புகிறேன். நான் உன்னை அழைத்து இங்கே வைத்துக்கொள்வதாக, பிறப்பு, கல்யாணம் பதிகிற இந்த ஊர் மேரி ஆபீசில் முத்திரை போட்டு வாங்கியது. பாஸ்போர்ட் கேட்கும்போது அப்படியே கொடுத்துவிடு. யாரிடமும் காட்டிப் படிக்க வேண்டியதில்லை.

காசிலிங்கம்


வைத்திக்குப்பம்
11 ஜனவரி 1959

கண்ணகியின் அப்பாவுக்கு,

கம்பளி வாங்கிவிட்டேன். பெரிய கடைத் தெருவில் அதை விரித்துக் காட்டியவன், "இன்னாம்மா, ஊட்டிக்கா?" என்றான். "நெருப்பு மலைக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

நெத்திலிக் கருவாடு உப்பில்லாமல் காயவைத்துக் கட்டியிருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்கும் என்பது மறக்கவில்லை.

ஒரு விஷயம். காகிதத்தைப் படிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு படிக்காமல் இருக்க முடியுமா? கண்ணகியும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து கேட்க, வசந்தா ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆயா, நீ தாத்தாவுக்கு அக்காவா?"

"இன்னாடி ஒளர்ற?"

"இதுல அப்படித்தான் இருக்கு. பெரிய அக்கான்னு இருக்கு."

மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். சிரிக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

உங்களைவிட நான் மூன்று வயது சின்னவள். எழுதிய குமாஸ்தா தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறான். நீங்களும் கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், திங்கட்கிழமை நானே கடற்கரை மேரிக்குப் போய் நம் கல்யாணப் பதிவின் நகலை வாங்கி அனுப்புகிறேன். அதைக் காட்டித் திருத்தி வாங்குங்கள். பெண்டாட்டி என்று எழுதின காகிதத்தோடுதான் நான் கப்பல் ஏறுவேன்.

அங்கம்மாள்


வைத்திக்குப்பம்
2 பிப்ரவரி 1959

காசிலிங்கம் அவர்களுக்கு,

மேரியில் அரிகிருஷ்ணன் என்று ஒரு குமாஸ்தா. மரியாதையான மனுஷர், நாற்காலி போட்டார். புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். துணைக்கு வந்த வசந்தாவைச் சொல்லச் சொன்னேன். அவர், "கொழந்த சொன்னா ஆவாதும்மா, நீங்கதான் சொல்லணும்" என்றார். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். ஒரு தரம் சொன்ன பிறகு எழுதுவதில் என்ன இருக்கிறது? இந்த உறைமேலும் நானேதான் எழுதினேன்.

1923 மாசி மாதம் என்றேன். பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து புரட்டினார். முன்னும் பின்னும் இரண்டு வருஷம் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பொண்ணு பொறந்தது இருக்கும்மா. அப்பா பேரு, அவரு கையெழுத்து, எல்லாம் இருக்கு. கல்யாணம்தான் இல்ல."

"கோயில்ல நடந்துச்சிங்க. குப்பமே சாப்பிட்டுச்சி."

"நடந்திருக்கும். இங்க வந்து சொல்லலியே."

கல்யாணம் முடிந்து நாலாம் நாள் மேரியில் எழுதிவிட்டு வந்ததாக என் அப்பாவிடம் நீங்கள் சொன்னீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்படியானால் இத்தனை வருஷம் காகிதத்தில் நான் யார்? அந்த அக்கா என்பது குமாஸ்தா செய்த பிழையா, நீங்கள் சொல்லி எழுதியதா? மலையைப் பற்றி இப்போது எழுத வேண்டாம். இதற்குப் பதில் எழுதுங்கள்.

அங்கம்மாள்


சேந்த் ரோஸ்
5 ஏப்ரல் 1959

அங்கம்மாளுக்கு,

ஆறு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஏழாவது.

அன்றைக்கு மேரிக்குத்தான் கிளம்பினேன், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. வஞ்சிரம் கூட்டம் வந்திருக்கிறது என்று கரையில் கூப்பிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறிவிட்டேன். சாயந்திரம் உன் அப்பா கேட்டபோது ஆச்சு என்று சொல்லிவிட்டேன். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் மீன் இருந்தது. அப்புறம் போய்ச் சொல்ல வெட்கம். அப்புறம் மறந்தே போனேன்.

இங்கே 1936ல் எனக்குக் காய்ச்சல் கண்டு சாகக் கிடந்தபோது லூயிஸ் என்று ஒருத்தி பார்த்துக்கொண்டாள். கல்யாணம் என்று வந்தபோது இந்த ஊர் மேரியில் கேட்டார்கள், உனக்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று. நான் பேசவில்லை. அவர்களே புதுச்சேரிக்கு எழுதினார்கள். பதிவு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பையன்கள் இருக்கிறார்கள்.

உன்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல அவளிடம் எனக்கு வாய் வரவில்லை. ஊரிலிருந்து அக்கா மலை பார்க்க வருகிறாள் என்றேன். உனக்கென்று அறை வெள்ளை அடித்து வைத்திருக்கிறாள். இனி நீ வரமாட்டாய். வர வேண்டாம் என்று நானே எழுதுவதுதான் நியாயம்.

காசிலிங்கம்


வைத்திக்குப்பம்
14 ஜூன் 1959

காசிலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்ணகிக்குப் படித்துக் காட்டினேன். வசந்தாவுக்குக் காட்டவில்லை. அவள் பெரியவளானதும் அவள் அம்மா சொல்லட்டும்.

அரிகிருஷ்ணனிடம் மறுபடி போனேன். கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் மூன்று பேர் வந்து சாட்சி சொன்னால் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி இப்போதும் பதியலாம் என்றார். மூன்று பேருக்கா பஞ்சம்? குஞ்சம்மாள், என் தம்பி பலராமன், குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் வைத்திலிங்கம், எல்லாரும் வருகிறேன் என்றார்கள். நாட்டார் சட்டையைக்கூட வெளுக்கப் போட்டுவிட்டார்.

"பதிஞ்சா அங்க இன்னா ஆவும்?" என்று குமாஸ்தாவைக் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அந்தம்மா கல்யாணம் நிக்காது. பசங்களுக்கும் செரமம்தான்" என்றார்.

இருபது நாள் யோசித்தேன். மீன் விற்கும்போதுகூட யோசித்தேன், பாக்கிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். பதிந்தால் எனக்கு ஒரு காகிதம் வரும். லூயிஸ் என்கிற அந்த அம்மா உங்கள் ஊர் மேரியில் போய், எனக்குக் கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. ஆகவே பதியவில்லை. உங்களுக்காக விட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தாலியைக் கழற்றச் சொல்லி என் தம்பி சொன்னான். நான் கழற்றவில்லை. நீங்கள் கட்டியது மஞ்சள் கயிறு, அது அறுந்து எத்தனையோ காலம் ஆகிறது. இப்போது என் கழுத்தில் இருக்கிற பொன் நான் கூடை தூக்கிச் சேர்த்தது.

நீங்கள் அனுப்பிய காகிதத்தைக் கிழித்துவிட்டேன். படகில் என் பங்கை ஒரு வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டுக் குஞ்சம்மாளுக்கும் எனக்குமாக டிக்கெட் வாங்கியிருக்கிறேன். பாஸ்போர்ட் ஆபீசில், "யாரப் பாக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள். "யாரையும் இல்ல, மலையப் பாக்க" என்றேன். எழுதுகிறவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "இந்த வயசுலயா?" என்றார். "மலைக்கு வயசு ஆயிடலியே" என்றாள் குஞ்சம்மாள்.

அக்டோபரில் இறங்குவோம். உங்கள் தீவின் பெரிய பட்டணம் சேந்த் தெனியில் கோயில் நடத்துகிற குடும்பத்துக்கு நாட்டார் கடிதம் கொடுத்திருக்கிறார், அங்கே தங்குவோம். அந்த வெள்ளையடித்த அறை எனக்கு வேண்டாம். அந்த அம்மாவிடம் அதற்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள்.

அதைச் சொல்லும்போது நான் யார் என்பதையும் சொல்லுங்கள். நாங்கள் கரை இறங்கும் முன்பே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், அவளோடு சேர்ந்து துறைக்கு வாருங்கள், நாலு பேருமாகக் காப்பி குடிக்கலாம். சொல்ல முடியாவிட்டால் வர வேண்டாம். கழுதைக்காரனிடம் வழி கேட்டு நாங்களே மேலே போய்க்கொள்வோம்.

இந்தக் கடிதத்துக்கு நீண்ட பதில் எழுத வேண்டாம். மலை எரிகிறதா இல்லையா என்று மட்டும் ஒரு வரி போடுங்கள். எரியாவிட்டாலும் வருகிறோம்.

அங்கம்மாள்