நீங்கள் பார்க்காத கல்யாணம்

என் பூரணம் மதினிக்கு,

நீங்கள் இருக்கும் இடத்திலும் பங்குனி வெயில் உண்டா? இங்கே மேற்கே மலையடித் தோப்புகளில் மா பிஞ்சு விட்டுவிட்டது. நம் கொல்லை முருங்கை பூத்துக் கொட்டுகிறது. அள்ளிச் சேர்த்து அடையில் போட ஆள்தான் இல்லை.

சுந்தரபாண்டியத்துக்கு நாடகம் பார்க்கப் போய்விட்டு வந்தேன். கூட வந்தது யார் தெரியுமா? உங்கள் வீட்டுக்காரர். நாடகம், பாட்டு எல்லாம் சோலியில்லாதவன் பொழுதுபோக்கு என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த என் அண்ணன். நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அழுங்கள், உங்கள் இஷ்டம்.

முதலில் அடுப்படிச் சேதி. உங்கள் சமையல் புத்தகம் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அப்படியேதான் இருக்கிறது. அண்ணனுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நீங்கள் வாங்கியது. எண்ணெய் குறைத்து, இனிப்பைத் தள்ளி, ஆவியில் வேகவைத்து உடம்பைப் பேணுவது எப்படி என்று சொல்கிற புத்தகம். அண்ணனுக்கு மருந்தாக வாங்கியது உங்களுக்கு விருந்தாகிவிட்டது. தெருப் பெண்கள் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு அடித்துக்கொள்வார்கள். நீங்கள் வாழைத்தண்டுப் பச்சடியைச் சத்தம் போட்டு வாசிப்பீர்கள். பேண்டேஜ் கம்பெனியில் நாளெல்லாம் பேக்கிங் செய்துவிட்டு வந்த நான் காலை நீட்டி உட்கார்ந்து கேட்பேன்.

ஒவ்வொரு குறிப்புக்கு அடியிலும் நான்கு பேர் சாப்பிடலாம் என்று போட்டிருக்கும். "ஏட்டி கோமதி, இந்தப் புஸ்தகத்துக்காரி வீட்ல மாமியா, நாத்தனா ஒருத்தியும் கெடையாது போல" என்பீர்கள். உங்கள் மாமியாரும் நாத்தனாரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிடும்.

போன மாதம் அதைப் பார்த்து அண்ணனுக்குக் கேழ்வரகுப் புட்டு செய்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உங்க மதினி செஞ்சா பூ மாதிரி உதிரும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் செய்து வைத்தபோது "இதென்ன, காளமாட்டுக்கு வைக்கதா?" என்று கேட்ட வாய்தானே அது? இருந்தபோது ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அந்தப் புத்தகம் வந்ததற்கு அடுத்த பங்குனியில்தான் நம் பயணம் ஆரம்பித்தது. வருஷம் முழுவதும் வீடு, கம்பெனி என்று கிடந்துவிட்டு ஒரே ஒரு நாள் கிளம்புவோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து வத்திராயிருப்புப் பக்கம் போகிற இன்னொரு பஸ். சுந்தரபாண்டியத்தில் உங்கள் சித்தி வீடு. பொழுது சாய்ந்ததும் அம்மன் கோயில் பொங்கலுக்குப் போட்ட மேடை, விடிய விடிய நாடகம். ஊர் சுற்ற ஆசையாக இருக்கிறது என்று சொல்லி எந்த மருமகள் நம் வீட்டுப் படி தாண்ட முடியும்? நீங்கள்தான் வழி கண்டுபிடித்தீர்கள். "அந்த அம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கு அத்தே. என்னன்னு வெளிய சொல்லக் கூடாது." நேர்ச்சையை வெளியே சொன்னால் பலிக்காது என்று யாருக்குத்தான் தெரியாது? அம்மா வாயை மூடிக்கொண்டார். அண்ணனும் கேட்கவில்லை.

அம்மா காலமான பிறகு, இனிமேலாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போவோமே என்று கேட்டேன். "போ கழுத, உண்மையச் சொல்லிட்டுப் போனா நாடகம் ருசிக்காது" என்றீர்கள்.

ஜன்னலோரம் எப்போதும் உங்களுக்குத்தான். மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வெளியே புளியமரத்தையும் உள்ளே கொள்ளு ரசத்தையும் மாறி மாறிப் பார்த்து வருவீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் முதல் வேலை பால்கோவா. வாயில் வைப்பதற்கு முன்னால் புத்தகத்தை மஞ்சப்பைக்குள் போட்டுச் சுருட்டிக் கட்டுவீர்கள். "பாத்துரும்ட்டி" என்பீர்கள். சர்க்கரையைத் தள்ளச் சொன்ன புத்தகம் பையில் கிடக்க, நாம் இலையை வழித்துத் தின்போம்.

ஆனால் ஒரு வருஷம்கூட நாடகத்தின் முடிவைப் பார்த்ததில்லை. வருஷா வருஷம் அதே கதைதான், ராஜபார்ட் மட்டும் மாறுவார். ராஜா வேஷம் மாற்றி வந்து பூக்காரியிடம் வம்பிழுப்பார். அவள் பாட்டிலேயே விரட்டுவாள், இவர் பாட்டிலேயே கெஞ்சுவார். கல்யாணம் பொழுது விடிகிற நேரத்துக்குத்தான். மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து அண்ணன் வரும்போது வீட்டில் காப்பி தயாராக இருக்க வேண்டும். அதனால் முதல் பஸ் ஹாரன் கேட்டதும் பாதிப் பாட்டில் எழுந்து ஓடி வருவோம். நீங்கள் மேடையைத் திரும்பிப் பார்த்தபடியே ஓடுவீர்கள். பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டும்போது, "இந்நேரம் தாலி கட்டிருப்பானாட்டி?" என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வருஷமும் கேட்பீர்கள்.

போன வருஷம் தையில் உலை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துட்டி கேட்க வந்த ஒருத்தி, "பத்தியமாச் சமைச்சவளுக்கே இப்படியா, பொறவு எதுக்கு இந்தப் புஸ்தகமெல்லாம்?" என்றாள். கையில் இருந்த செம்பை அவள்மேல் எறிந்திருப்பேன். நாம் அதைச் சாவுக்குப் பயந்தா வாசித்தோம்? சந்தோஷமாக இருந்தது, வாசித்தோம். இதை யாரிடம் போய் விளக்க முடியும்?

துக்க வீடு என்று அந்தப் பங்குனியில் எங்கும் போகவில்லை. இந்தத் தையில் தலைத்திவசம் முடிந்தது. அதற்காகத்தான் காத்திருந்தாரோ என்னவோ, பங்குனி பிறந்ததும் அண்ணன் ஒரு மஞ்சள் வேட்டியோடு வந்து நின்றார்.

"கோமதி, உங்க மதினி என்ன நேந்திருந்தா?"

நான் வாயைத் திறக்கப் போனேன்.

"சொல்லாத, சொல்லக் கூடாதுல்லா. எனக்குத் தெரியும், என் சீக்குக்காகத்தான் நேந்திருப்பா. இல்லாட்டா இம்புட்டு வருசம் விடாமப் போவாளா? பாதியில போய்ட்டா பாவி. நான் பூக்குழி எறங்கிச் செலுத்திட்டு வாரேன்."

மதினி, அவருடைய சர்க்கரைக் காலைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? ஒரு ஆணி குத்திய புண் ஆறுவதற்குள் நாம் பட்ட பாடு கொஞ்சமா? வெறுங்காலோடு வாசலுக்குக்கூடப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே. அந்தக் காலை மடியில் வைத்து நீங்கள் மருந்து போட்டதைப் பார்த்தவள் நான். அதைக் கொண்டுபோய் நெருப்பில் வைக்கப்போகிறாராம், உங்களுக்காக.

உண்மையைச் சொன்னால் கால் பிழைக்கும். ஆனால் தன் உடம்புக்காகப் பெண்டாட்டி கோயில் கோயிலாக அலைந்தாள் என்ற நினைப்பில்தான் அவர் காலையில் எழுந்திருக்கிறார். அதைப் பிடுங்கிவிட்டு நான் என்ன கொடுப்பேன்? உங்கள் போட்டோ முன்னால் நின்று கேட்டேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. வேண்டாத நேரத்திலெல்லாம் பேசுவீர்களே!

காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் காலையில் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, நேர்த்திக்கடன்னு ஒண்ணும் கெடையாது. நாங்க நாடகம் பாக்கப் போனோம். பால்கோவா திங்கப் போனோம். பஸ்ல காத்து வாங்கப் போனோம். அம்புட்டுத்தான்."

"வருசா வருசமுமா?"

"வருசா வருசமும்."

வேட்டியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் என்னோடு பேசவில்லை. உங்கள் போட்டோவுக்குத் தினமும் பூ வைக்கிறவர், அதையும் விட்டுவிட்டார். வாடின பூவை நான்தான் எடுத்துப் போட்டேன். அவசரப்பட்டு உங்களை இரண்டாவது தடவை சாகக் கொடுத்துவிட்டேனோ என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கும் மறுநாள் தட்டில் இருந்த புட்டைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "நாடகம் என்னைக்கு?"

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று உங்கள் மஞ்சப்பையை அங்கே வைத்தார். கண்டக்டர் சண்டைக்கு வந்தபிறகுதான் தள்ளி உட்கார்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பையைச் சுருட்டிக் கட்டுவதைப் பார்த்து, "அதுல என்ன?" என்றார். உங்கள் புத்தகம் என்றும், அதை ஏன் கட்டுகிறேன் என்றும் சொன்னேன். பால்கோவாவில் ஒரு விரல் நுனி அளவு எடுத்து வாயில் வைத்தார். "பாத்துருமாக்கும்" என்று சிரித்தார். நீங்கள் போனதற்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு அழுகையாக மாற நேரம் ஆகவில்லை. கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

நாடகத்தில் அவர் கொட்டாவி விடவில்லை. பபூன் பேச்சுக்குச் சிரிக்கவும் இல்லை. பரீட்சை எழுதுகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கிழக்கே வெளுக்கும் முன்னால் ரோட்டில் முதல் பஸ் ஹாரன் கேட்டது. என் கால் தானாக எழுந்துவிட்டது.

"எங்க போற? இன்னும் கல்யாணம் ஆகலயே" என்றார்.

"நாங்க இம்புட்டுத்தாண்ணே பாப்போம். நீங்க ஷிப்ட் முடிஞ்சு வந்துருவியல்லா. 'அவிய வாரதுக்குள்ள காப்பி போடணும்'னு மதினி எந்திச்சிரும்."

"அப்ப அவ முடிவே பாத்ததில்லயா?"

"இல்லண்ணே."

மேடையில் பூக்காரி உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு நாள் காப்பிய நானே போட்டுக் குடிச்சிருக்க மாட்டேனா?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "மாட்டேன்." துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

இனி முடிவைக் கேளுங்கள் மதினி. ராஜா வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கிரீடத்தோடு வருவார். விடிகிற வெளிச்சத்தில் அவர் பவுடர் எல்லாம் திட்டுத்திட்டாகத் தெரியும். பூக்காரி அவரை அடையாளம் கண்டுகொண்டு அழமாட்டாள், நன்றாக நாலு திட்டுத் திட்டுவாள். உங்களுக்குப் பிடித்திருக்கும். ஹார்மோனியக்காரருக்குக் கண் சொக்கும், ஆனால் கை நிற்காது. மஞ்சள் கயிறு கட்டும்போது கூட்டத்தில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் எழுந்து குலவை போடுவார்கள், நம் வீட்டுக் கல்யாணம் மாதிரி. அட்சதைத் தட்டு கூட்டத்துக்குள்ளேயே வரும். எல்லோரும் மேடையைப் பார்த்து எறிந்தார்கள். அண்ணன் எறியவில்லை. ஒரு பிடி எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் போட்டோவில் புதுப் பூ வைத்தார். முடிச்சை அவிழ்த்து அட்சதையை உங்கள்மேல் போட்டார். பிறகு என்னை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. காப்பி ஒரே கசப்பு. நான் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

வருகிற பங்குனியிலும் போவோம். அவருக்கு முடியாவிட்டால் நான் மட்டுமாவது போவேன். முதல் பஸ்ஸை விட்டுவிடுவேன், இது சத்தியம். அந்தப் புட்டையும் என்றைக்காவது உதிர உதிரச் செய்துவிடுவேன். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது இனி நீங்கள் கேட்க வேண்டாம். தாலி கட்டிவிட்டான் மதினி. என் கண்ணால் பார்த்தேன்.

ஜன்னலோரத்தை எப்போதும் உங்களுக்கே விட்டுக்கொடுத்த
உங்கள் நாத்தனார்
கோமதி